கடல் கடந்து போய்க் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்புவோருக்கு

(பொன்விழா நாட்களில் நடைபெற்ற இளையோர் மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்குக் கொடுத்த தலைப்பு 'பொன்விழாவும் இளைஞரும்' என்பது. அதைப் பற்றிப் பேச நம்மைவிட நல்ல பேச்சாளர்கள் இருவர் நமக்குப் பின் வரவிருக்கிறார்கள். ஆகவே, குழுவினர் பொறுத்தருள வேண்டும். நாம் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

கடந்த மாதம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது. பொன்விழா நிதியில் செலவு போக மிஞ்சும் தொகையைக் கொண்டு, ஆண்டுதோறும் நம் பங்கு இளைஞர் இருவரை வெளிநாட்டிற்கு அனுப்பலாம். அங்கே ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக உழைக்கும் சிறிய தொண்டு நிறுவனங்களில் அவர்கள் ஆறு மாதம் பணி செய்துவிட்டுத் திரும்பலாம் என்பது அந்த யோசனை. கேட்டவுடன் எல்லாரும் கைதட்டினர். நாமும் தட்டினோம். மறுவாரமே இரண்டு விண்ணப்பங்கள் நம் மேசைக்கு வந்து சேர்ந்தன. இரண்டிலும் பங்குத் தந்தையின் பரிந்துரைக் கடிதம் தேவையென்று குறித்திருந்தது. மூன்று வாரங்களாக அவற்றில் கையொப்பமிடாமல் வைத்திருக்கிறோம். "சாமி ஏன் இழுத்தடிக்கிறார்?" என்ற பேச்சு உலவுவதும் நம் காதில் விழாமல் இல்லை. அதற்கு விடை சொல்லவே இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

நம் பங்கிலிருந்து ஒரு மகள் ஏற்கெனவே அப்படிப் போய் வந்தவள். பெயர் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சொல்லாமலே உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்றாண்டு வேலை பார்த்த பெண். 2017 ஜூனில் கம்போடியா நாட்டிற்குப் புறப்பட்டாள். சியெம் ரீப் நகரிலிருந்து தார்ச்சாலையில் ஒரு மணி நேரமும் செம்மண் பாதையில் அரை மணி நேரமும் போனால் வரும் ஒரு கிராமம். ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியர் அங்கே ஒரு சிறு கல்வி நிறுவனம் தொடங்கியிருந்தனர். அதற்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஐந்து உள்ளூர் ஆசிரியைகள், சமையலுக்கும் துப்புரவுக்கும் ஓர் அம்மாள், காவலுக்கும் வண்டி ஓட்டவும் ஒருவர், அந்தத் தம்பதியர், இவள்: அவ்வளவுதான் நிறுவனம். அங்கே பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகள் இரண்டு வேளையாக நடக்கின்றன. காலையில் ஒரு கூட்டம் பிள்ளைகள், பிற்பகலில் இன்னொரு கூட்டம். பள்ளியில்லாத வேளையில் வரும் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பது, ஒரு நூலகம், பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகளுக்கு ஓர் ஆரம்ப வகுப்பு: இவையே நிறுவனத்தின் பணிகள்.

2019 ஜனவரியில் பன்னிரண்டு நாள் நாமே அங்கு சென்று வந்தோம். அவளுடைய தாயார் கொடுத்தனுப்பிய ஊறுகாயும் பருப்புப் பொடியும் ஒரு பையில். மற்ற இரண்டு பெட்டிகளிலும் புத்தகங்கள். உங்களுக்கு நினைவிருக்கும்; கோவிலில் அறிவிப்புக் கொடுத்து, வீட்டுக்கு வீடு ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் சேர்த்தோம். விமானத்தில் அதிகப்படி எடைக்குப் பணம் கட்டி அவற்றைச் சுமந்துகொண்டு போனோம். போன மறுநாள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு மிட்டாயும் ஒரு புத்தகமும் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டோம். மிட்டாய் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. புத்தகங்கள் மறுநாளே நூலகத்தின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. நாம் புறப்படும்வரை ஒன்றைக்கூட எந்தப் பிள்ளையும் எடுக்கவில்லை.

தலைமை ஆசிரியையிடம் இதைப் பற்றிக் கேட்டோம். நம் மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் முதலில் சிரித்தார்கள். பின்பு, மிகவும் மரியாதையாக, தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியிலேயே இன்னும் வாசிக்க வரவில்லையே என்றார்கள். அத்துடன் விட்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். அடுத்த முறை எவராவது மிட்டாய் கொண்டுவந்தால் தங்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், வெளியார் கையிலிருந்து பிள்ளைகள் வாங்கிப் பழகக் கூடாது என்றும் சொன்னார்கள். ஐம்பது வயதில் வகுப்பறையில் நின்று குட்டு வாங்கியவர்களாக வெளியே வந்தோம்.

இதில் நாம் மட்டும் முட்டாளாகவில்லை என்பது பின்னர் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் உயர்பதவி வகித்த ஜான் வுட் என்பவர் 1998-இல் நேபாளத்தில் மலையேறப் போனபோது, ஒரு பள்ளி நூலகத்தில் பெயருக்குச் சில புத்தகங்களைப் பூட்டி வைத்திருந்ததைக் கண்டு மனம் வருந்தி, நண்பர்களிடம் புத்தகங்கள் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே 'ரூம் டு ரீட்' என்னும் பெரிய அமைப்பு. அவர்களும் சில ஆண்டுகளில், நன்கொடையாக வரும் ஆங்கிலப் புத்தகம் போதாது என்று கண்டு, அந்தந்த நாட்டு எழுத்தாளரையும் ஓவியரையும் கொண்டு அந்தந்த மொழியிலேயே சிறுவர் நூல்கள் வெளியிடத் தொடங்கினார்கள். கம்போடியாவில் 'சிபார்' என்றொரு அமைப்பு உண்டு. கம்போடிய அகதிகளுக்கு உதவுவதற்காக 1982-இல் பிரான்சில் தோன்றியது. பின்பு கம்போடியாவிற்குள் வந்து, கெமர் மொழியிலேயே சிறுவர் நூல்களைப் பதிப்பித்து, வண்டிகளில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. நம் மகள் இருந்த ஊர் நூலகத்தில் ஓரம் கிழிந்து, அழுக்கேறி, நூல் விட்டுப்போயிருந்த புத்தகங்களெல்லாம் கெமர் மொழிப் புத்தகங்களே. நாம் கொண்டுபோனவை மட்டும் புத்தம் புதிதாக இருந்தன!

கெமர் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நம் தென்னாட்டுப் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து பிறந்தது அது. அங்கோர் போரேய் என்னும் ஊரில் கிடைத்த, கி.பி. 611-ஆம் ஆண்டுக் கல்வெட்டே கெமர் மொழியில் ஆண்டு குறித்த கல்வெட்டுகளில் மிகப் பழையது என்பர். பிள்ளைகள் பலகையைப் பார்த்து ஓதும்போது க-வில் தொடங்கி ங-வில் வரிசை முடிகிறது. கேட்ட நமக்கு மெய்சிலிர்த்தது. பள்ளிக்கு 'சாலா' என்று பெயர். ஆசிரியர் 'க்ரூ', நம் குருதான். ஆனால் இந்த உறவைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாமே தவிர, அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட வாசிக்க முடியாது. மெய்யெழுத்துகள் 33. அவை இரண்டு வகையாகப் பிரிந்து நிற்கின்றன; ஒரே உயிர்க்குறி முதல் வகை எழுத்தோடு சேர்ந்தால் ஓர் ஒலி, மற்ற வகையோடு சேர்ந்தால் வேறோர் ஒலி. எழுத்துக்கு அடியில் இன்னோர் எழுத்து தொங்கும். அதைக் 'கால்' என்கிறார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விட்டு எழுதும் வழக்கமும் இல்லை. இதை ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டுமென்றால், அந்த மொழியில் பிறந்து வளர்ந்து, பொறுமையும் பயிற்சியும் உள்ள ஓர் ஆசிரியை வேண்டும். ஆறு மாதத்துக்கு வந்துபோகும் வெளிநாட்டு இளைஞர் என்ன செய்வார்? ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். நம் மகள் முதல் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டது, கடையில் விலை கேட்கவும், "சோறு உண்டாயிற்றா?" என்று அவர்கள் வழக்கப்படி நலம் விசாரிக்கவும் மட்டுமே என்று அவளே சொல்கிறாள்.

ஆங்கிலம் வேண்டாத பொருளென்று நாம் சொல்லவில்லை. அங்கோர் கோவில்களைக் காண வரும் பயணிகளை நம்பி அந்த வட்டாரமே வாழ்கிறது. நாலு வார்த்தை ஆங்கிலம் பேசினால் விடுதியில் வேலை கிடைக்குமென்று பெற்றோர் ஆசைப்படுவது நியாயமே. நம் ஊரில் ஆங்கிலப் பள்ளி வாசலில் காத்து நிற்பவர்களுக்கு அதைப் பழிக்க என்ன தகுதியிருக்கிறது?

அந்தத் தலைமை ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் படையினர் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தபோது அவர்களுக்குப் பத்து வயது, மூன்றாம் வகுப்பு. அத்துடன் பள்ளிகள் மூடப்பட்டன. நகரத்து மக்கள் அனைவரும் வயல்களுக்கு ஓட்டப்பட்டனர். படித்தவர் என்றாலே சந்தேகம். ஏறத்தாழ நான்கு ஆண்டு ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர் 15 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடைப்பட்டவர் என்று கணக்கிடுகிறார்கள். ஆசிரியர்களில் மிகப் பெரும் பகுதியினர் அழிந்தனர். தலைநகரில் தூல் ஸ்லெங் என்னும் இடத்தை நாம் போய்ப் பார்த்தோம். அது ஓர் உயர்நிலைப் பள்ளி. அதையே சிறைச்சாலையாக மாற்றினார்கள். வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்து ஆள் படுக்கும் அளவு அறைகள் கட்டியிருக்கிறார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் அதற்குள் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். அங்கே சுவரில் கரும்பலகை இருந்த இடத்தைப் பார்த்தோம். வெளியே வந்தபின் நெடுநேரம் நம்மால் பேச இயலவில்லை.

1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்தபின் பள்ளிகளைத் திறக்க ஆசிரியர் இல்லை. சிறிது கற்றவர் கல்லாதவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்ற ஏற்பாட்டில்தான் கல்வி மீண்டும் துளிர்த்தது. நம் தலைமை ஆசிரியை மண்ணில் கரித்துண்டால் எழுதிப் பழகி, பதினேழாம் வயதில் ஆசிரியையானவர்கள். மாதச் சம்பளம் அரிசியாகக் கிடைத்த நாட்களும் உண்டாம். நாற்பது ஆண்டு நெருங்கும் அனுபவம். 2019-இல் அந்த நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்த சம்பளம் மாதம் 220 டாலர். உணவும் தங்குமிடமும் போக நம் மகளுக்குக் கொடுத்தது 400 டாலர்.

இந்த இரண்டு எண்ணும் சம்பளப் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பட்டியலை எழுதியவள் நம் மகள். முதல் மாதம் எழுதியபோது கை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாள். நிறுவனத் தம்பதியரிடம் கேட்டாள். அவர்கள் கெட்டவர்களல்லர், தங்கள் சேமிப்பையெல்லாம் அந்தப் பள்ளியில் போட்டவர்கள். நன்கொடையாளர் 'வெளிநாட்டுப் பணியாளர்' என்ற தலைப்பில் தந்த பணத்தை வேறு தலைப்பில் செலவிட முடியாது என்று விளக்கம் சொன்னார்கள். கணக்குப்படி அது சரியே. அவள் வாதாடவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்தாள். அந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து, மாலை ஐந்து மணிக்குமேல் கணக்கெழுதக் கற்றுக்கொடுத்தாள். பேரேடு, ரசீது, வங்கிக் கணக்கை ஒத்துப்பார்த்தல், கம்ப்யூட்டரில் பட்டியல் போடுதல், பின்பு நன்கொடையாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுதல். ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்தப் பெண் முதல் ஆறு மாதம் தப்பாகவே எழுதினாள். இவளுக்குக் கோபமும் வந்தது. இருவரும் ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் உண்டு. 2019 நவம்பரில் நம் மகள் திரும்பி வந்தபோது அவள் இடத்துக்கு வேறு வெளிநாட்டவரை அமர்த்தத் தேவையில்லாமல் போயிற்று. நன்கொடையாளரிடம் எழுதிக் கேட்டு, அந்த 400 டாலரில் ஒரு பகுதி அந்தப் பெண்ணுக்குச் சம்பளமாயிற்று; மீதி ஆசிரியைகளுக்குப் பங்கிடப்பட்டது.

அவள் வந்திறங்கியபோது இங்கே என்ன பேசினோம் என்பதையும் சொல்லிவிடுவோம். "இரண்டரை வருஷம் போய் என்ன கொண்டுவந்தாள்? வளைகுடாவுக்குப் போயிருந்தால் வீடாவது கட்டியிருக்கலாம்" என்று பேசினோம். தந்தையார் நம்மிடம் வந்து, "சாமி, நீங்கள்தானே போகச் சொன்னீர்கள், இப்போது வரன்கூட வர மாட்டேன் என்கிறது" என்று வருத்தப்பட்டார். நம்மிடம் பதில் இல்லை. இப்போது அவள் திருமணமாகி நலமாயிருக்கிறாள் என்பதால் இதை மேடையில் சொல்ல முடிகிறது.

நிற்க. அவள் வந்து நாலே மாதத்தில், 2020 மார்ச்சில், கொரோனா நோய் காரணமாகக் கம்போடியப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. அந்த நிறுவனத்தில் அப்போதிருந்த வெளிநாட்டு இளைஞர் நால்வரும் அதே வாரம் தத்தம் நாட்டுக்கு விமானம் ஏறினர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாய் தந்தையர் அழைத்தனர். அந்த இளைஞர்கள் தங்குவதற்கும் கற்பிப்பதற்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துவது வழக்கம். ஆண்டு வருமானத்தில் ஐந்திலொரு பங்கு அந்தக் கட்டணம். ஆளை வேண்டி அவர்களை அழைத்ததைவிட, அந்தப் பணத்தை வேண்டி அழைத்ததே அதிகம் என்று நம் மகள் சொல்வாள். அந்த வருமானமும் நின்றது. முதிய தம்பதியரோ விடுமுறைக்குத் தாய்நாடு போனவர்கள் திரும்ப இயலாமல் அங்கேயே மாட்டிக்கொண்டனர். எஞ்சியவர்கள் ஐந்து ஆசிரியைகளும் அந்தக் கணக்குப் பெண்ணும். பாடத்தாள்களை அச்சடித்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, அடுத்த வாரம் திருத்தி வாங்கி வந்தார்கள். மாதா மாதம் கணக்கை முடித்து நன்கொடையாளருக்குக் கடிதம் எழுதியவள் அந்தப் பெண். கடிதம் தவறாமல் வந்ததால் பணமும் வந்தது. 2021 இறுதியில் நாடெங்கும் பள்ளிகள் திறந்தபோது அந்தச் சிறிய நிறுவனமும் திறந்திருந்தது. அதே சாலையில் வெளியாரை நம்பியே நடந்த வேறோரிடம் திறக்கவில்லை.

இன்னொன்று. அதைச் சொல்ல நமக்குத் தயக்கம் இருக்கிறது, ஏனெனில் நாமே ஆறாம் வகுப்பு முதல் போர்டிங்கில் வளர்ந்து, அங்கிருந்து குருமடம் போனோம்.

சியெம் ரீப் நகரில் ஒரு மாலை. வண்டிக்காரர் ஒருவர் நம்மை ஏற்றிக்கொண்டு, அநாதை இல்லம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் நடனமாடுவார்கள், பார்க்கிறீர்களா என்று கேட்டார். குருவானவராயிற்றே, மறுப்போமா? ஏறி உட்கார்ந்துவிட்டோம். நம் மகள்தான் கையைப் பிடித்து இறக்கினாள். "சாமி, நம்ம ஊர் போர்டிங்கில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படம் பிடித்தால் விடுவீர்களா?" என்று கேட்டாள். பின்பு விவரம் சொன்னாள். கம்போடிய அரசும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. 2005 முதல் 2010 வரை ஐந்தாண்டுகளில் அந்நாட்டு அநாதை இல்லங்கள் 75 விழுக்காடு பெருகியிருந்தன. போர் முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அநாதைகள் குறைந்திருக்க வேண்டும், இல்லங்கள் மட்டும் ஏன் பெருகின? அவற்றில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர். இல்லத்தில் விட்டால் சோறும் படிப்பும் கிடைக்குமென்று ஏழைப் பெற்றோர் விட்டுவிட்டுப் போகிறார்கள். இல்லத்தைப் பார்க்க வரும் பயணியும், சில வாரம் சேவை செய்ய வரும் இளைஞரும் இரக்கத்தால் பணம் கொடுக்கிறார்கள். பணம் வருவதால் மேலும் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். சில வாரத்துக்கொருமுறை ஒரு புதிய அண்ணனோ அக்காளோ வந்து, மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, ஒரு நாள் காணாமல் போகிறார்கள். அந்தக் குழந்தை எத்தனை முறைதான் பிரிவைத் தாங்கும்?

நம் போர்டிங்கில் முதல் நாள் இரவு விளக்கணைத்தபின் போர்வைக்குள் நாம் அழுத அழுகை இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் கோடை விடுமுறைக்கு வீடு இருந்தது. மாதத்துக்கொருமுறை முறுக்கு கட்டிக்கொண்டு வந்து நின்ற அம்மா இருந்தார்கள். நம்மைப் பார்த்துக்கொண்ட சகோதரர் பதினோராண்டு அதே இடத்தில் இருந்தார். எல்லாப் போர்டிங்கையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாதென்றே நினைக்கிறோம். ஆயினும் விண்ணப்பம் கொடுத்த இருவரில் ஒருவர் குறிப்பிட்டிருப்பது இப்படிப்பட்ட ஓர் இல்லத்தைத்தான். அதில் நாம் கையொப்பமிடப் போவதில்லை. தம்பி வருத்தப்பட வேண்டாம். வேறு இடம் பார்ப்போம்.

இதைச் சொன்னால், "அப்படியானால் ஒருவருமே போக வேண்டாமா? வெளிநாட்டிலிருந்து குருக்கள் வந்திராவிட்டால் நமக்குப் பள்ளிக்கூடம் ஏது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. செபங்களை மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடமாக்கி, பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அப்பிள்ளைகளைக் கொண்டே பெற்றோருக்கும் சொல்லச் செய்தார். ஈராண்டுக்குச் சற்று மேல் இக்கரையில் உழைத்துவிட்டு வேறு நாடுகளுக்குப் போனார். அவருக்குப் பின் வந்தவர் அண்டிரிக் அடிகளார் என்னும் ஹென்றிகஸ். அவர் தமிழைக் கற்றார், இலக்கணம் எழுதினார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1600-இல் இறக்கும்வரை, ஐம்பதாண்டுக்கும் மேலாக, இந்த மண்ணிலேயே இருந்தார். சவேரியாரின் திருநாளை ஊர்தோறும் கொண்டாடுகிறோம். அண்டிரிக் அடிகளாரைப் பற்றிக் கேட்டால் நம் மறைக்கல்வி மாணவரில் எத்தனைபேர் பதில் சொல்வார்கள்? இருவரையும் ஒப்பிட நாம் துணியவில்லை. ஆறு மாதத் திட்டம் போடும் நாம், நமக்கென்று வந்த ஒருவர் ஐம்பது ஆண்டு தங்கினார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாமே என்றுதான் சொன்னோம்.

ஆகவே பங்குப் பேரவைக்கு நம் கருத்து இதுதான். ஆண்டுக்கு இருவர், ஆறு மாதம் என்ற திட்டத்தைக் கைவிடுவோம். இருவருக்கும் விமானக் கட்டணம், விசா, காப்பீடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்துப் பொருளாளர் போட்டுத் தந்த கணக்கு மூன்று லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் அங்கே ஓர் ஆசிரியைக்கு ஓராண்டுக்கும் மேல் சம்பளம் கொடுத்துவிடலாம். நம் எல்லைக்குள்ளேயே செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் இரண்டு ஆசிரியைகளுக்கும் கொடுக்கலாம். அப்படியும் ஒருவரை அனுப்பத்தான் வேண்டுமென்றால், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒருவரை, இரண்டாண்டுக்குக் குறையாமல் அனுப்புவோம். போகிறவர் கையில் ஒரு தொழில் இருக்கட்டும்: கணக்கோ, மின்சார வேலையோ, நூலக வேலையோ, ஆசிரியருக்குப் பயிற்சி தரும் அனுபவமோ. நம் மகளின் சைக்கிள் கதை ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிகிறது, ஏழாம் வகுப்புக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும், பெண்பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். நிறுவனம் நாற்பது சைக்கிள் வாங்கிக் கொடுத்தது. ஆறு மாதத்தில் பாதி சைக்கிள் பஞ்சராகி வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தன. ஒரு நாள் சைக்கிள் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, பிள்ளைகளுக்கே பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். அந்தச் செலவு பதினைந்து டாலர். இங்கிருந்து ஒரு சைக்கிள் மெக்கானிக் போயிருந்தால் முதல் வாரமே அதைச் செய்திருப்பார்! நம் பங்கில் பட்டதாரிகளே விண்ணப்பிக்கிறார்கள். சைக்கிள் மெக்கானிக் ஒருவரும் இன்னும் கேட்கவில்லை.

போகும் முன் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கத் தயங்குகிற நிறுவனத்துக்குப் போக வேண்டாம். உள்ளூர் ஆசிரியர் ஒருவருடன் பேச வேண்டும். அவர் உங்களை உண்மையிலேயே வேண்டுகிறாரா என்று கேளுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுத்து அனுப்புவதை நாமும் இனி நிறுத்திக்கொள்கிறோம். 2019-இல் நாம் எடுத்த படம் ஒன்று பங்கு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்ததல்லவா? மிட்டாய்ப் படம். அதைக் கழற்றிவிட்டோம்.

இரண்டாவது விண்ணப்பம் ஓர் ஆசிரியப் பயிற்சி முடித்த தங்கையுடையது. அதில் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறது. அதை இரண்டாண்டாக மாற்ற அவளுக்கும் பெற்றோருக்கும் சம்மதமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பித்த இருவரும், பெற்றோரும், வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். அந்த மகளையும் வரச் சொல்லியிருக்கிறோம். கெமர் எழுத்துப் பலகையைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.